திட்டக்குடி பஸ்ஸில் ஏறிய பொம்மைகள்

பொம்மைகளுக்குக் கண் எழுதுவதுதான் என் வேலை. எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்து, ஆறே மாதத்தில் நல்ல கை என்று பெயர் வாங்கியிருந்தேன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் கண் எழுதிய பொம்மைகள் எந்தெந்த ஊரிலோ கொலுப்படி ஏறின. எங்கள் வீட்டில் மட்டும் கொலு வைத்ததே கிடையாது. அதெல்லாம் வசதியான வீட்டு வழக்கம் என்பார் என் மாமியார்.

ஒரு நவராத்திரிக்குச் சற்று முன்பு ஒரு சூளைப் பொம்மைகள் மொத்தமும் கெட்டுப்போயின. அவசரத்தில் தீவாய்க்கு மிக அருகே அடுக்கிவிட்டார்கள். சூட்டில் இளகி, கோலாட்டப் பெண்கள், செட்டியார், செட்டிச்சி, போலீஸ்காரர் என்று எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டார்கள். ஒரு கோலாட்டக்காரிக்குக் கூந்தலின் கறுப்பு கன்னமெல்லாம் வழிந்திருந்தது.

இப்படிக் கெட்டுப்போனவை வெளியே போனால் கம்பெனி பெயர் கெடும் என்பதால், உடைத்துத்தான் பள்ளத்தில் போட வேண்டும். எடுத்துப்போனது தெரிந்தால் வேலை போய்விடும். சூப்பர்வைசர் சுத்தியலை என்னிடமே நீட்டினார்.

"நான் கண்ணு தெறந்தது சார்," என்றேன்.

"கோணலா நின்னா யாரும்மா வாங்குவாங்க? ஒடைச்சிப் போடு."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கோணலானது இடுப்புதானே, நான் எழுதிய கண் நேராகத்தான் இருந்தது. விரிசல் விட்ட இரண்டு ஜாடிகளை ஊருக்கே கேட்கும்படி உடைத்துப் பள்ளத்தில் கொட்டி, எல்லாம் உடைத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன். பொம்மைகளை வைக்கோலுக்குள் ஒளித்துவைத்து, சாப்பாட்டுக் கூடையில் நாளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்குக் கடத்தினேன்.

மாமியார் முகம் சுளித்தார். "பின்னமானத வூட்ல வெக்கக் கூடாதுடி."

"பின்னம் இல்ல அத்த. ஒரு வெரலுகூட ஒடையல. சாஞ்சிதான் இருக்குது."

ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் தரையில் நெருக்கி நிறுத்தினார். சற்று நேரத்தில் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏண்டி, திட்டக்குடி பஸ்ஸு வளைவுல திரும்பறப்ப நிக்கற கூட்டமாட்டமே இருக்குது."

அவ்வளவுதான், எங்கள் முதல் கொலு பிறந்துவிட்டது. பலகைப் பெட்டி ஒன்று பஸ் ஆனது. ஊறுகாய் ஜாடி மூடிகள் சக்கரங்கள். போலீஸ்காரருக்கு ஒரு தோல்பை மாட்டிக் கண்டக்டர் ஆக்கினோம். கறுப்பு வழிந்தவளை மழையில் நனைந்து கடைசியாக ஓடிவந்து ஏறுபவளாகப் படியில் நிறுத்தினேன். தெருவே வந்து சிரித்தது. எனக்கு மகிழ்ச்சியில் சோறு இறங்கவில்லை.

தெருக்கோடியில் குடியிருந்த சூப்பர்வைசரின் மனைவியும் ஒரு நாள் வந்துவிட்டார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இந்த நனைஞ்சவ ரொம்ப அழகா இருக்கறா," என்றார். கம்பெனிச் சட்டம் ஒன்றும் அறியாத என் மாமியார், தாம்பூலத்தோடு அந்தப் பொம்மையையும் எடுத்து அவர் கையில் வைத்துவிட்டார். எனக்கு உயிரே போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் சூப்பர்வைசரே பையோடு வந்தார். நனைந்தவளை வெளியே எடுத்தார்.

"ஒடைச்சிட்டேன்னு சொன்னியேம்மா."

"கண்ணு தெறந்தது சார். கை வரல."

அவர் பஸ்ஸின் முன்னால் குனிந்து நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது மீசை துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்கு நேரமானது.

"எங்க வூட்ல நேரா நிக்கறது அத்தினி இருக்குது. வரவங்க எல்லாம் இவளத்தான் பாக்கறாங்க. இவளுக்கு ஒரு ஜோடி வேணுமாம்."

பயம் போன வேகத்தில் வாய் வந்துவிட்டது. "கோணலா நின்னா யாரு வாங்குவாங்கன்னு கேட்டீங்களே சார்."

"அதான் நானே வந்து நிக்கறேனேம்மா," என்றார்.

கண்டக்டரைப் பொதிந்து கொடுத்தேன். பிறகு கம்பெனியில் வேண்டுமென்றே சாய்த்து ஓர் அச்சுச் செய்து பார்த்தார்கள். அதில் வந்த பொம்மைகளுக்கும் நான்தான் கண் எழுதினேன். அவை தலைசுற்றி விழப்போகிறவர்களைப் போல நின்றன, ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த நவராத்திரிக்குப் பிறகு சூளையில் கெட்டவை எல்லாம் முதலில் என் மேஜைக்கு வந்தன. நான் பார்த்து முடித்த பிறகுதான் சுத்தியலை எடுத்தார்கள்.