அண்ணாச்சி செய்த கருவி அலமாரி

அந்த அலமாரியைத் திறந்தபோது உள்ளே ஒரு கருவிகூட இல்லை. பின்பலகை முழுக்கப் பென்சில் கோடுகள்தான் இருந்தன. வாள், உளி, மரச்சுத்தியலான கொட்டாப்புளி என்று ஒவ்வொன்றின் உருவமும் அதனதன் அளவிலேயே வரையப்பட்டு, மாட்டுவதற்கு மர முளையும் அடிக்கப்பட்டிருந்தது. வலது ஓரத்தில் இருந்த மூன்று உருவங்களில் என் கண் நின்றுவிட்டது. அரை அங்குல உளி, மூலை சரிபார்க்கும் மூலமட்டம், மரம் இழைக்கும் கையடக்கமான இழைப்புளி. மூன்றும் எங்கள் பட்டறையிலிருந்து காணாமல் போனவை.

தென்காசியில் நான் அப்போது வேலை பார்த்த மரப்பட்டறையில் நாங்கள் இரண்டே பேர். நானும், என்னைவிடப் பத்து வயது மூத்தவரான அண்ணாச்சியும். கணவர் இறந்த பிறகு முதலாளியம்மாதான் பட்டறையை நடத்திவந்தார். கருவிகள் அவர் கணவர் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. பிடிகளில் அவர் பெயரின் முதலெழுத்து சூடு போட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். காலையில் அம்மா அவற்றைத் துணியால் துடைத்துத்தான் எங்கள் கையில் கொடுப்பார். அதனால் முதலில் உளியும், பிறகு மூலமட்டமும், கடைசியாக இழைப்புளியும் காணாமல் போனபோது அவர் எங்களைத் திட்டவில்லை; பேச்சைக் குறைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான் எடுக்கவில்லை. மிச்சம் இருந்தது ஒருவர்தான். இந்தக் கணக்கு மனதில் விழுந்த நாளிலிருந்து அண்ணாச்சி என்ன செய்தாலும் அது எனக்குத் திருட்டாகவே தெரிந்தது. அந்தச் சமயத்தில் குற்றாலத்தில் ஐந்தருவிப் பாதையில் ஒரு பழைய பங்களாவை இடித்தார்கள். நல்ல நிலைகளையும் கதவுகளையும் பட்டறைக்கு வாங்கினோம். உடைந்த ஜன்னல் கதவுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று அண்ணாச்சி கேட்டார். அம்மாவும் சரி என்றார். வேலை முடிந்ததும் அவர் அந்தத் தேக்குத் துண்டுகளில் ஆணி பிடுங்கி, பெயின்ட் சுரண்டி, இரண்டு மூன்றாகக் கட்டி மொபெட்டில் பண்பொழியில் இருந்த தன் வீட்டுக்குக் கொண்டுபோவார். எதற்கு என்று இரண்டு தடவை கேட்டேன். சும்மா ஒரு பெட்டி என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். பூட்டுப் போடும் பெட்டி என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமலைக்கோவிலுக்குப் போகிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, மதினி, காப்பி கொடுத்துவிட்டு, "அங்கன ஷெட்டுல ஒரு மாசமா என்னமோ செய்யுதாவ. என்னையக்கூட தொறக்க விடமாட்டாவ" என்றார். அவர் பாத்திரம் கழுவப் பின்பக்கம் போனதும் நான் ஷெட்டுக்குள் நுழைந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். அப்போதுதான் அந்தக் கோடுகளைப் பார்த்தேன். பொருள் கையில் இல்லாமல் இவ்வளவு துல்லியமாக வரைய முடியுமா? அண்ணாச்சி வரும்வரை நான் காத்திருக்கவில்லை.

மறுநாள் முதலாளியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. அவருக்கும் அண்ணாச்சிமேல் சந்தேகம் இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஒரு லோடு ஆட்டோ பட்டறை வாசலில் வந்து நின்றது. அதில் அந்த அலமாரி இருந்தது. அண்ணாச்சி கூடவே வந்திறங்கினார். மெழுகு தேய்த்த தேக்கு வெயிலில் பளபளத்தது. நானும் ஒரு பக்கம் பிடித்து இறக்க வேண்டியதாயிற்று. உள்ளே வைத்ததும் அவர் கதவைத் திறந்து அம்மாவிடம் காட்டினார்.

"நம்ம முதலாளி அண்ணனோட சாமானெல்லாம் இனிமே இதுல இருக்கட்டும். சாயங்காலம் தொறந்து பாத்தா எது இல்லன்னு ஒரு நிமிசத்துல தெரிஞ்சிரும்."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. மூன்று மாதமாக நான் அவரைப் பார்த்துவந்தது அப்படித்தான்.

முதலாளியம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "பத்து நாளைக்குள்ள ரெண்டு பேரும் தனித்தனியா வந்து, ஒருத்தர் பேர ஒருத்தர் சொன்னிய. நான் யார நம்பச் சொல்லுதிய?"

அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க நான்தான் வாயைத் திறந்தேன். காணாமல் போனவற்றை எதை வைத்து வரைந்தீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். திருடியது நீங்கள்தான் என்று நேரிலேயே சொன்னதுபோல ஆகிவிட்டது. அவருக்குக் கோபம் வரவில்லை.

"பதினோரு வருசம் பிடிச்ச சாமான். அளவு கைக்குத் தெரியாதா தம்பி?"

அலமாரிக்கு இடம் வேண்டுமென்று இதுவரை கருவிகள் வைத்துவந்த, சுவரோரம் இருந்த பழைய ராக்கை இரண்டு பேருமாக நகர்த்தினோம். சாரல் சுவரில் ஊறி ஊறி, அதன் பின்பலகை அடியில் மட்கி இடைவெளி விட்டிருந்தது. சுவருக்கும் ராக்குக்கும் நடுவே குவிந்திருந்த மரத்தூளில் துருவேறிய உளி கிடந்தது. அதை ஒட்டி மூலமட்டம். அண்ணாச்சி உட்கார்ந்து தூளை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தார். நான் சல்லடை எடுத்துவந்து சலித்தேன். இழைப்புளி மட்டும் இல்லை.

மூன்றும் கிடைத்திருந்தால் அன்றைக்கே சிரித்துப் பேசி முடித்திருப்போம். ஒன்று கிடைக்காததால் எதுவும் முடியவில்லை. உளிக்கும் மூலமட்டத்துக்கும் துருப் போக்கி, அவற்றுக்கான முளைகளில் அம்மா மாட்டினார். அதன் பிறகு ஆறு வருடம் நாங்கள் அதே பட்டறையில் வேலை செய்தோம். ஒரே ஃபிளாஸ்க்கில் டீ குடித்தோம். என் மகள் கல்யாணத்துக்கு அவரும் மதினியும் முதல் ஆளாக வந்தார்கள். ஆனால் தினமும் ஆறு மணிக்கு அலமாரி மூடும்போது இருவருமே பக்கத்தில் நிற்போம். தனியாக மூட யாரும் யாரையும் விட்டதில்லை.

முதலாளியம்மா மகளோடு இருக்கச் சென்னைக்குப் போனபோது பட்டறையை என்னிடம் ஒப்படைத்தார். கதவு பொருத்துவதில் அண்ணாச்சி கைக்கு நான் ஈடில்லை. இனி என்னிடம் தொடர்ந்து வேலை செய்யச் சொல்லி நானே பண்பொழிக்குப் போய்க் கூப்பிட்டேன். ஷெட் இருந்த பக்கம் திரும்பாமல் பேசினேன். வருகிறேன் என்றார்.

என்னிடம் வந்த முதல் நாள் வேலை முடிந்ததும் அவர் தன் துணிப்பையை என் முன்னால் பட்டறை மேசைமேல் வைத்து விரித்துக் காட்டினார். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், கண்ணாடிக்கூடு, மடித்த துண்டு. என்ன அண்ணாச்சி இது, எனக்கு அசிங்கமாக இருக்கிறது என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. பாத்துக்கோ. ரெண்டு பேருக்கும் நல்லது."

நான்கு வருடம் ஆகிறது. நேற்று மாலையும் காட்டினார். அவர் பையை விரிக்கும்போது வாசல் பக்கம் பார்க்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். கண் பைக்குள் போய்விடுகிறது. டப்பாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், போயிட்டு வாங்க அண்ணாச்சி என்று என்னால் சொல்ல முடிகிறது.