டிப்போவில் தைத்த போர்வைகள்

பேருந்து டிப்போவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஹாரன் என்றால்தான் தெரியும். வண்டியை ஓட்டிக்கொண்டே கடைசி இருக்கையில் இருப்பவரிடம் குடையை மறந்துவிடாமல் இறங்கச் சொல்லும் குரல் அவளுடையது. சும்மா இருப்பது அவள் உடம்புக்கு ஒத்துவராத காரியம். அப்படிப்பட்டவள் ஒரு மழைநாளில் பேருந்துப் படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள்.

மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடிக்கும் பலம் வரும்வரை வண்டி பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விரல்களுக்குச் சின்னச் சின்ன வேலையாகக் கொடுக்கச் சொன்னாள் பயிற்சி தரும் பெண். வீட்டில் கணவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அலமாரியை இடம் மாற்றினாள். மறுநாள் பழைய இடத்துக்கே தள்ளினாள். அவர் அடுப்படிக்குள் நுழைந்தால், "ரிவர்ஸ் எடுங்க, இங்க இடமில்லை" என்றாள். பொறுத்துப் பார்த்த மனிதர் தன் அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, உனக்குக் கோடிப் புண்ணியம். இவளை எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்."

அக்கா, அதாவது ஹாரனின் நாத்தனார், நூலகத்து மாடியில் சனிக்கிழமை தோறும் கூடும் ஒட்டுப்போர்வைக் குழுவில் இருந்தாள். பலவிதத் துணித் துண்டுகளைச் சேர்த்து மேல்துணி தைப்பார்கள். அதற்கடியில் பஞ்சு விரித்து, அதற்கும் அடியில் இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்து இழையோட்டினால் போர்வை. அதை விற்பதில்லை. தீ விபத்தில் வீடு இழந்தவர்கள், முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்தவர்கள் என்று யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போகும்.

"எனக்கும் ஊசிக்கும் ஏழாம் பொருத்தம் அண்ணி" என்று படியேறும்போதே ஹாரன் சொன்னாள்.

"அந்த ஊசி உன்னைப் பார்த்து என்ன சொல்லப்போகுதோ, பாவம்" என்றாள் நாத்தனார்.

குழுவின் தலைவி நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் சர்வேயரம்மா. காதோரம் பென்சில், கையில் இரும்பு ஸ்கேல். ஹாரன் வியர்க்க விறுவிறுக்க வெட்டிய முதல் சதுரத்தை மேசையில் வைத்து நாலு பக்கமும் அளந்தார்.

"இது சதுரமாம்மா? அண்ணன் தம்பி கோர்ட்டுல சண்டை போடுற நிலம் மாதிரி இருக்கு."

அறையே சிரித்தது. எல்லோரையும் விட ஹாரன்தான் அதிகமாகச் சிரித்தாள். ஆனால் அன்று சாயங்காலம் ஒரு விஷயம் நடந்தது. அவளுடைய கோணல் சதுரத்தை ஓரம் நறுக்கி நேராக்கி, ஒரு மஞ்சள் துண்டோடு சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு விரித்தார்கள். தனித்தனியாகக் கிடந்தபோது கந்தலாகத் தெரிந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததும் பளிச்சென்று கண்ணைப் பறித்தன. ஹாரனுக்கு உள்ளங்கை பரபரத்தது. "இன்னொண்ணு குடுங்க" என்று கை நீட்டினாள். அதற்குப் பிறகு அவளுக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் கிழமை. மற்றவையெல்லாம் வழியில் வரும் நிறுத்தங்கள்.

சில வாரம் கழித்து அரசு மருத்துவமனையின் தலைமை நர்ஸ் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். குழந்தைகளுக்கென்று புது வார்டு கட்டியிருக்கிறார்கள். கட்டில் வந்துவிட்டது, திரைச்சீலை வந்துவிட்டது. போர்வை மட்டும் பழைய சாம்பல் நிறத்துக் கம்பளி.

"அதைப் பார்த்தா நல்லா இருக்கிற புள்ளைக்கே காய்ச்சல் வந்துரும். நீங்க கொஞ்சம் மனசு வெச்சா நல்லாருக்கும்" என்றார் நர்ஸ். "இருபது கட்டில்."

சர்வேயரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க வருஷத்துக்கு நாலோ அஞ்சோதான் முடிப்போம்மா. எப்ப திறக்கிறீங்க?"

"அடுத்த மாசக் கடைசி ஞாயிறு."

"முடியாது" என்று சர்வேயரம்மா வாயெடுக்கவும், "முடிச்சுடலாம்!" என்று ஹாரன் கத்தவும் சரியாக இருந்தது. கீழே நூலகத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் மாடியை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். நாத்தனார் மெல்ல அவள் காலை மிதித்தாள். காலம் கடந்துவிட்டது. நர்ஸின் வாயெல்லாம் பல்.

நர்ஸ் படியிறங்கியதும் சர்வேயரம்மா திரும்பினார். "சொல்லிட்டீங்க. எப்படி முடிக்கிறதுன்னும் நீங்களே சொல்லுங்க."

ஹாரன் மேசைகளை இழுத்துப் போட்டாள். இதுவரை ஆளுக்கொரு போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு ஆதியிலிருந்து அந்தம் வரை தைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதை வழித்தடமாக்கினாள். ஜன்னலோரம் வெட்டுகிற ஸ்டாப். அடுத்தது அடுக்குகிற ஸ்டாப். சுவரோரம் தையல் இயந்திரங்கள். கடைசியில் இஸ்திரி. துணி நகரும், ஆள் நகரக்கூடாது. சர்வேயரம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வெட்டுமேசைக்குப் போனார். ஆனால் முதல் நாள் முடிவதற்குள் மூன்று மேல்துணிகள் கொடியில் தொங்கியதைப் பார்த்ததும் அவர் முகச்சுளிப்பு போன இடம் தெரியவில்லை. "அடுத்த சனிக்கிழமை வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நாளைக்கே வருவோம்" என்றவர் அவர்தான்.

திரைச்சீலைக் கடைக்காரர் ஒருவர் நல்ல சிவப்புத் துணியில் ஒரு முழுச் சுருளையே தூக்கிக் கொடுத்துவிட்டார். ஹாரனுக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டுவதற்கு முன் துவைக்க வேண்டும் என்று சர்வேயரம்மா சொன்னதற்கு, வீட்டுக்குக் கொண்டுபோய்த் தானே அலசி, உலர்த்தி, மடித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு மேல்துணியிலும் அந்தச் சிவப்பு அங்கங்கே வைத்த பொட்டு மாதிரி இறங்கியது. இருபது மேல்துணியும் தயார். ஒன்றை மட்டும் முழுப் போர்வையாக முடித்து, சோதித்துப் பார்க்க மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு அனுப்பினார்கள்.

திறப்பு விழா நடக்கவிருந்த வாரத்தின் புதன்கிழமை நர்ஸ் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். விரித்ததும் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை, மஞ்சள், வெளிர்நீலம் எல்லாம் சேர்ந்து ரோஜா நிறத்தில் குளித்திருந்தன. சிவப்பைச் சுற்றித் திட்டுத்திட்டாகச் சாயம் ஊறியிருந்தது.

"எங்க சலவையில கொதிக்கிற தண்ணிதாம்மா" என்றார் நர்ஸ், தப்பு தன்மேல் என்பது போல. "கிருமி போகணும்ல."

ஹாரன் போர்வையைத் தன் பக்கம் இழுத்தாள். அவள் அலசியது குழாய்த் தண்ணீரில். "நான்தான். பச்சைத் தண்ணியில போட்டேன், சாயம் போகலை, சரின்னு எடுத்துட்டேன்" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நாத்தனார் கேட்டதே இல்லை.

சர்வேயரம்மா ஒன்றும் திட்டவில்லை. ஒரு மேல்துணியை எடுத்து, அதிலிருந்த சிவப்புத் துண்டுகளை விரலால் தொட்டுக்கொண்டே போனார். "எல்லாத்தையும் பிரிச்சு எடுக்கணும். வேற துணி வெச்சுத் தைக்கணும். அதுக்கப்புறம் பஞ்சு வெச்சு இழையோட்டணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள நாம எட்டுப் பேர்..."

ஹாரன் ஜன்னல் பக்கம் போய்ப் போனை எடுத்தாள். நல்லவேளை, குரல் திரும்பி வந்துவிட்டது. "சீட் மாஸ்டர்! உங்க பெரிய மிஷின் சும்மாத்தானே இருக்கு? ரெஸ்ட் ரூம் மேசையெல்லாம் காலி பண்ணி வைங்க. நான் துணியோட வரேன்!"

சீட் மாஸ்டர் என்பவர் டிப்போவில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பவர். தடித்த ரெக்சினையே அப்பளம் மாதிரி தைத்துத் தள்ளும் இயந்திரம் அவரிடம் இருந்தது. அன்று மதியமே மேல்துணி மூட்டைகளும், சர்வேயரம்மாவும், நாத்தனாரும், மற்ற பெண்களும் டிப்போவின் ஓய்வறைக்குப் போய் இறங்கினார்கள். காலை ஷிப்ட் முடித்த ஓட்டுநர்களும் நடத்துநர்களும் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஹாரன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாரும் போகக்கூடாது. ஆளுக்கொரு பிளேடு, ஆளுக்கொரு துணி. சிவப்பை மட்டும் பிரிக்கணும், பக்கத்துத் துணியில கை வெச்சீங்க, தொலைச்சுடுவேன்!"

"கை உடைஞ்சதும் குரலாவது குறையும்னு பார்த்தோம்" என்று ஒரு நடத்துநர் சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துப் பழகிய விரல்கள் தையலைப் பிரிப்பதில் அப்படியொரு வேகம் காட்டின. அரட்டையும் சிரிப்புமாக அறை அமளிதுமளிப்பட்டது. மேசைக்கடியில் சிவப்புத் துண்டுகள் குவிந்தன. ஹாரனும் உட்கார்ந்து பிரித்தாள். வலது கையில் பிளேடு நழுவாமல் நிற்பதை நாத்தனார்தான் முதலில் கவனித்தாள். கவனித்தவள் வாயைத் திறக்கவில்லை, திருஷ்டி பட்டுவிடுமென்று.

சிவப்பு போன இடத்தில் எதை வைப்பது? கடைத் துணியை நம்ப இனி யாருக்கும் தைரியமில்லை. அப்போது ஒரு மெக்கானிக் பொருட்கள் அறையிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்தார். கழித்துப் போட்ட நீலச் சட்டைகள், டிப்போ சீருடை.

"கொதிக்கிற தண்ணியில போட்டு கிரீஸ் எடுத்த சட்டைம்மா இதெல்லாம். போகிற சாயமெல்லாம் எப்பவோ போயாச்சு. மிச்சம் இருக்கிறது நகராது."

சர்வேயரம்மா அதற்கும் அசரவில்லை. டிப்போ அடுப்பில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து, ஒரு வெள்ளைக் கைக்குட்டையோடு ஒரு சட்டையைப் போட்டுக் கிளறினார். எல்லோரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள். கைக்குட்டை வெள்ளை வெளேரென்று வெளியே வந்தது. அவர் அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டியபோது எழுந்த கைதட்டலில் வெளியே நின்ற காவலாளி ஓடிவந்துவிட்டார்.

சட்டைகளை வெட்டும்போது மார்புப் பை குறுக்கே வந்தது. பிரித்தெடுக்க நேரமில்லை.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்றாள் நாத்தனார். "எந்தப் புள்ளைக்காவது கைக்குட்டை வைக்க ஆகும்."

ஆகவே ஒவ்வொரு போர்வைக்கும் ஒரு பை அமைந்தது.

வியாழனும் வெள்ளியும் பெண்கள் மேல்துணியில் நீலத்தைச் சேர்த்தார்கள். சாயம் ஊறிப்போன ஒன்றுக்குப் பதிலாகப் புதிதாக ஒரு மேல்துணியும் தைத்தார்கள். சீட் மாஸ்டர் இழையோட்டினார். முதல் போர்வை அவர் இயந்திரத்திலிருந்து இறங்கியதும் சர்வேயரம்மா ஸ்கேலோடு போனார். தையலின் மேல் வைத்தார். ஸ்கேலை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். மறுபடி வைத்தார்.

"ஏங்க, கோணலா?" என்று கேட்ட சீட் மாஸ்டரின் குரல் உள்ளே போய்விட்டது.

"உங்க கோட்டை வெச்சுத்தான் இந்த ஸ்கேலைச் சரிபார்க்கணும் போல இருக்கு."

அந்த மனிதர் வெட்கப்பட்டதை டிப்போ அன்றுதான் பார்த்தது. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் இருபதாவது போர்வையின் விளிம்பும் தைத்து முடிந்தது. ரோஜா நிறமாகிப்போன போர்வையை நாத்தனார் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "இது எனக்கு. யாராவது கேட்டீங்க, அவ்வளவுதான்."

ஞாயிறு காலை ஒரு பேருந்தே கொடுத்தார்கள். இருக்கைக்கு ஒரு போர்வையாக மடித்து உட்காரவைத்தார்கள். ஹாரன் ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். "பிரேக்கை மெதுவா... லெஃப்ட்ல பாரு... ஏன் இவ்வளவு நெருக்குற?" என்று அவள் படுத்திய பாட்டில், மருத்துவமனை வாசலில் இறங்கிய ஓட்டுநர், "அக்கா, சீக்கிரம் உன் கை சரியாகட்டும். எங்களால முடியலை" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

புது வார்டில் கட்டில்கள் அன்றுதான் நிரம்பிக்கொண்டிருந்தன. போர்வைகளை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு போனதும், நடக்கக்கூடிய பிள்ளைகளெல்லாம் மொய்த்துவிட்டார்கள். காலில் கட்டுப்போட்ட ஒரு சிறுமி கட்டிலில் இருந்தபடியே கத்தினாள்.

"எனக்கு மீன் போட்டது! அந்த மீன் போட்டது!"

ஹாரன் எடுத்துப் போய் விரித்தாள். சிறுமி மீன்களைத் தடவினாள். நீலத் துண்டில் கை நின்றது. உள்ளே விரலை விட்டாள். கண் அகன்றது.

"டேய், இதுல பாக்கெட் இருக்குடா!"

அவ்வளவுதான். வார்டு முழுக்க, "எனக்கும் இருக்கு! எனக்கும் இருக்கு!" என்று ஒரே கூச்சல். பொம்மைக் கார் போயிற்று, சீப்பு போயிற்று, பாதி தின்ற பிஸ்கட் போயிற்று. விழாவுக்கு வந்த பெரிய டாக்டர் பேசத் தொடங்கி, யாரும் கேட்காததால் நிறுத்திக்கொண்டு, தானும் ஒரு போர்வையில் பையைத் தேட ஆரம்பித்தார். ஹாரன் நாத்தனாரின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள்.

"அண்ணி! பாருங்க அண்ணி! பாருங்களேன்!"

"பார்த்துட்டுத்தான் இருக்கேன், தோளை விடு, கழண்டுடப்போகுது" என்ற நாத்தனாரின் கண்ணில் தண்ணீர் நின்றது.

அடுத்த மாதம் டாக்டர் ஹாரனை வண்டியெடுக்கச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஷிப்டை மட்டும் மற்றவர்களோடு மாற்றிக்கொள்கிறாள். நூலகத்து மாடியில் இப்போது உட்கார இடம் போதவில்லை. இரண்டு நடத்துநர்களும் அந்த மெக்கானிக்கும் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டார்கள். சீட் மாஸ்டர் மாதத்துக்கு ஒரு நாள் வருகிறார். போன வாரம் ஆற்றங்கரைக் குடிசைகளுக்குப் போர்வை தைப்பதென்று பேச்சு வந்தது. எத்தனை என்று சர்வேயரம்மா யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஹாரன் எழுந்து மேசைகளை இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.