பால் வாளியில் ஊறிய குரோஷா விரிப்பு

ஜப்பான்காரன் காலத்தில் சோப்பு என்று ஒன்று இருந்ததையே நாங்கள் மறந்திருந்தோம். மலாயாவில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் எந்தத் துணிக்கும் சாம்பல் தண்ணீர்தான். என்னிடம் நல்ல பொருள் என்று இருந்தது ஒன்றே ஒன்று, வெள்ளை நூலில் கொக்கி ஊசியால் நானே பின்னிய குரோஷா மேசை விரிப்பு. துரை வீட்டில் ஆயா வேலை பார்த்தபோது துரைசானி அம்மாவிடம் கற்ற பின்னல். அடுப்புப் புகையில் அது மஞ்சளாகிக் கிடந்தது.

என் வீட்டுக்காரரைச் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். சின்ன மகனுக்கோ மலேரியாக் காய்ச்சல், விட்டு விட்டு அடித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்தே இல்லை. சுங்கைப் பட்டாணியில் ஒரு கடைக்காரரின் மனைவி, தன் மகள் கல்யாணத்துக்கு அந்த விரிப்பைக் கேட்டிருந்தார். “பளிச்சுன்னு வெளுத்துக் கொண்டு வாம்மா. மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை தர்றேன்” என்றார்.

அவசரத்தில் என் புத்தி எங்கே போனதோ! பெரிய பாத்திரம் இல்லையென்று, ரப்பர் பால் எடுக்கும் வாளியிலேயே கொதிக்கிற சாம்பல் தண்ணீரை ஊற்றி விரிப்பை ஊறப்போட்டேன். உள்ளே ஒட்டிக் காய்ந்திருந்த பால் சூட்டில் இளகி, நட்டநடுப் பூவில் போய் அப்பிக்கொண்டது. பிய்த்து இழுத்தால் நூல் அறும். குரோஷாவில் ஓரிடத்தில் அறுந்தால் ஓட்டை பெருகிக்கொண்டே போகும். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கும் எனக்கும் அப்போது பேச்சுவார்த்தை இல்லை. குழாயடியில் என்னை ராங்கிக்காரி என்றாள், நானும் சும்மா விடவில்லை. அந்த மகராசிதான் என் அழுகையைக் கேட்டு ஓடி வந்தாள்.

“அடிப்பாவி, இழுக்காதே லா! பால் வாளியில வெள்ளைத் துணி ஊறப்போடுற பொம்பளைய இன்னைக்குத்தான் பார்க்கிறேன்!”

திட்டிக்கொண்டே வீட்டுக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தாள். அடியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். அவள் மகளுக்கு உடம்பெல்லாம் சிரங்கு. தடவ இருந்த எண்ணெய் அவ்வளவுதான். “வேணாங்கா, புள்ளைக்கு…” என்று நான் முடிக்குமுன் போத்தலைக் கவிழ்த்துவிட்டாள்.

எண்ணெய் ஊறியதும் ரப்பர் தளர்ந்தது. இருவரும் விரல் நுனியால் தேய்த்துப் பொடிப்பொடியாக எடுத்தோம். பிறகு அக்கா வீட்டு மண்பானையில் சாம்பல் தண்ணீர் விட்டுப் பிசுக்கைப் போக்கி, மரவள்ளிக் கஞ்சி போட்டோம். கொடியில் தொங்கவிட்டால் ஈரக் கனத்தில் பின்னல் இழுபட்டுவிடும். அதனால் பாயில் விரித்து, ஓரங்களை எலுமிச்சை முள்ளால் குத்தி வைத்தோம். குண்டூசி என்றால் துருக்கறை பிடிக்கும். காய்ந்ததும் அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது.

கடைக்காரர் மனைவி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சொன்ன சொல் தவறாமல் மாத்திரையைக் கொடுத்தார். அந்தப் புண்ணியவதியும் நன்றாயிருக்கட்டும்.

மாத்திரை உள்ளே போகப் போகக் காய்ச்சல் இறங்கியது. ஒரு மத்தியானம் மகன் கண்ணைத் திறந்து, பசிக்குது என்றான். அதே நேரம் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் மகள் சொறிந்து சொறிந்து அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். இன்றைக்கும் அவளை நினைத்தால் என் கை தானாகக் கும்பிடுகிறது.

“அக்கா, உங்க புள்ள இப்படி…”

“சிரங்குதானே, சொறிஞ்சா ரத்தம் வரும். உன் புள்ளைக்கு உசுரே போயிருக்கும். போ, போய் அவனுக்குக் கஞ்சி காய்ச்சு.”