குழாயடியில் வயர்மேன் கேட்ட கேள்வி

போன திங்களன்று சமையலறை விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. வயர்மேன் மயில்சாமி அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். போனவர் தனியே திரும்பி, "அவரு போயி மூணு நாளாச்சுங்க" என்றார். கரண்ட் அடித்தா என்று அப்பா கேட்டார். இல்லை, மஞ்சள் காமாலை.

கரண்ட் வந்து பத்து வருடம் ஆகாத எங்கள் எலப்புள்ளிப் பக்கத்தில் அவரை அழைக்காத வீடு குறைவு. ஊர்க்காரர்களான உங்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். எனக்கு இருப்பது ஒரு காலைப்பொழுது.

மூன்று வருடங்களுக்கு முன், கிணற்று மோட்டார் ஓடும்போது இரும்புக் குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று அம்மா சொன்னாள். ஒருவர் பின் ஒருவராக இரண்டு வயர்மேன்கள் வந்தார்கள். தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று போனார்கள். அப்பாவும் தொட்டார். நரம்புத் தளர்ச்சி, வைத்தியரிடம் காட்டலாம் என்றார். நானும் தொட்டு, "ஒண்ணுமே இல்லைம்மா" என்றேன். அதன்பின் அம்மா சொல்வதை நிறுத்திவிட்டாள். தண்ணீர் பிடிப்பதை நிறுத்த முடியுமா? தினமும் மோட்டார் சத்தம் கேட்டதும் புத்தகத்தை விரித்து உட்காருவேன். அவள் குடத்தைக் கல்லில் வைக்கும் ஓசை வரும்வரை ஒரு வரி நகராது.

மின்விசிறியைப் பழுதுபார்க்க முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்த மயில்சாமி அண்ணன், அம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு குழாயைத் திருகுவதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கக்கா, துணி சுத்தித்தான் தொடுவீங்களா?"

"அவளுக்கு மனசுல பயம், மயில்சாமி" என்றார் அப்பா.

"தொடறது அவுங்கதானுங்களே. அவுங்க சொல்லட்டும்."

அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கேட்டு முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்கெல்லாம் தொட்டப்போ கால்ல செருப்பு இருந்துச்சுங்களா?"

இருந்தது. எல்லோருக்கும் ரப்பர் செருப்பு. சாமிக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் என்பதால் அம்மா மட்டும் அந்த ஈரக்கல்லில் வெறுங்காலுடன் நிற்பாள்.

ஒரு பல்பிலிருந்து வந்த இரண்டு வயர்களில் ஒன்றைக் குழாயிலும் மற்றதை ஈரமண்ணில் குத்திய கம்பியிலும் வைத்தார். பல்பு மெல்லச் சிவந்தது. அப்பா அப்போதும் நம்பாமல் குழாயை நோக்கிக் கை நீட்டினார்.

"செருப்பக் கழட்டிட்டுத் தொடுங்க, பாக்கலாம்."

நீட்டிய கை பின்வாங்கியது.

மெயினை அணைத்தார். பியூஸ் கட்டையை உருவி, அப்பாவைத் தாண்டிப் போய் அம்மாவிடம் கொடுத்தார். "நீங்க குடுத்தாத்தான் திரும்பப் போடுவேனுங்க." மோட்டார் வயரை எலி கடித்திருந்தது, எர்த் கம்பி அறுந்து கிடந்தது. "இன்னொரு மழை நல்லாப் பேஞ்சிருந்தா..." என்று என்னிடம் தொடங்கியவர், அம்மா வருவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

வேலை முடிந்ததும், அம்மா கொடுத்த பியூஸ் கட்டையைப் போட்டு மோட்டாரை ஓடவிட்டு, மறுபடி பல்பை வைத்துப் பார்த்தார். பல்பு சிவக்கவில்லை. பிறகு தன் செருப்பைக் கழற்றிவிட்டு அவரே முதலில் தொட்டார். அதன்பின் அம்மா, வெறுங்கையால்.

அன்று நான் சொன்ன 'ஒண்ணுமே இல்லை'க்கு அம்மாவிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. மயில்சாமி அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய அந்தக் கேள்வியைத்தான். யாராவது வலிக்கிறது என்றால், பதில் சொல்வதற்குமுன் ஒருமுறை குனிந்து என் கால்களைப் பார்த்துக்கொள்கிறேன்.