கம்பளிக்குள் இருந்த விரல்

மயக்கத்தில் கிடந்த ஒரு நாயின் ஒட்சிசன் அளவு என்று சொல்லி, என் சொந்த ஒட்சிசன் அளவை ஒரு மண்டபம் நிறைந்த சனங்களுக்கு முன்னால் மூன்று தடவை உரக்க வாசித்தவன் நான். தெரியாமல் செய்தேன் என்றால் மன்னிக்கலாம். முதல் தடவையிலேயே தெரியும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. வீட்டில் நான்கு அலுமாரி நிறையப் புத்தகம் இருக்கிறது. அவற்றில் ஒன்றும் அந்த நேரத்தில் எழுந்து வந்து என் கையைத் தட்டிவிடவில்லை.

மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், நாய்களுக்கான கருத்தடை முகாம். இடம், பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் கட்டடம். அன்று ஞாயிறு என்பதால் குழந்தைகள் இல்லை. பத்திரிகையில் நகைச்சுவை எழுதுகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பதுளையிலிருந்து விருந்தினராக அழைத்திருந்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. இஸ்திரி போட்ட சட்டையோடு வருகிறவனுக்கு முதலில் கதிரை, பிறகு தேத்தண்ணீர், அதற்குப் பிறகு ஒரு பொறுப்பு. அவனுக்கு அந்த வேலை தெரியுமா என்று யாரும் கேட்கமாட்டார்கள். கதிரையில் உட்கார்ந்துவிட்டால் எல்லாம் தெரிந்தவன்தான். அவனைத் திருத்துவது மரியாதைக்குறைவு. இந்த வழக்கத்தைப் பல கட்டுரைகளில் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அன்று கதிரை எனக்குக் கிடைத்தது. நல்ல வசதியான கதிரை.

மிருக வைத்தியர் ஒரு யாழ்ப்பாணப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். கிழமை நாட்களில் அரசாங்க வேலை, ஞாயிறு வந்தால் இப்படி எங்காவது ஒரு தோட்டம். கத்தி, நூல் எடுத்துக் கொடுக்க ஓர் உதவியாளர் வந்திருந்தார். மயக்கத்தில் இருக்கும் நாயின் மூச்சைப் பார்க்க வேண்டிய மற்றவர், வழியில் பழுதாகி நின்ற பஸ்ஸில் இருந்தார். வைத்தியர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். கையில் நாய் இல்லாமல் சும்மா இருந்த ஒரே ஆள் நான்.

“சேர், உங்களுக்கு எண்ணத் தெரியுமோ?”

“தெரியும்.”

“அப்ப வாங்கோ.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வரும் வழியில் மயக்க மருந்துகளைப் பற்றிக் கைப்பேசியில் படித்ததையெல்லாம் அவருக்கே எடுத்துச் சொன்னேன். ஸைலஸீன் இதயத்தை மெதுவாக்கும், கெட்டமின் கொடுத்தால் கண் திறந்தே இருக்கும், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதன் தத்துவம் இன்னது என்று. “ஓம் சேர்” என்றார். தங்கள் வேலையைத் தங்களுக்கே விளக்கும் ஆண்களிடம் பெண்கள் சொல்லும் அந்த ‘ஓம்’.

பிறகு வேலையைக் காட்டித்தந்தார். கொரோனா காலத்தில் நாங்கள் எல்லோரும் விரலில் மாட்டிக்கொண்டு திரிந்தோமே, அதே மாதிரி ஒரு கிளிப். நாய்க்கு அதை நாக்கில் மாட்ட வேண்டும். வயரின் மறுமுனையில் உள்ள சின்னத் திரையில் ஒட்சிசன் ஓர் எண்ணாகவும் நாடித்துடிப்பு இன்னோர் எண்ணாகவும் வரும். “ஆனா சேர், மெஷின் பிறகுதான். முதல்ல நெஞ்சு ஏறி இறங்குதோ எண்டு பாருங்கோ. பல்லு முரசை அமத்திப் பாருங்கோ, வெளிறிப்போய்த் திரும்பச் சிவக்க வேணும். மெஷின் சில நேரம் பொய் சொல்லும்.”

முதல் நாயைக் கொண்டுவந்தவர் நாற்பது வயதிருக்கும் ஒரு கொழுந்தெடுக்கும் பெண். மண்ணிறத்தில் மெலிந்த பெட்டை நாய். லயத்து வரிசை வீடுகளில் வேறு யாரும் முதல் ஆளாக வரச் சம்மதிக்கவில்லை.

“டொக்டரம்மா, இது முன்னால போனாத்தாங்க நான் மலைக்கே ஏறுவேன். மேல் மலையில காட்டுப் பன்னி நிக்குது. போன மாசம் இது கத்தலைன்னா நான் இன்னைக்கு இல்லைங்க. எப்புடியாச்சும் எழுப்பிக் குடுத்துருங்க.”

“எழுப்பித் தருவன், அக்கா.”

ஊசி போட்டதும் நாய் ஒருமுறை ஓங்காளித்து, கால் மடங்கிச் சரிந்தது. கண் மூடவில்லை. “என்னடி இது, கண்ணத் தெறந்துகிட்டே தூங்குது?” என்றாள் ஒருத்தி. “எங்க வீட்டுக்காரரு வெள்ளன பேர் போட பெரட்டுக்குப் போயி நிப்பாருல்ல, அதே மாதிரிதான்” என்றாள் பக்கத்தில் நின்றவள். சிரிப்பு அடங்கியதும், நாயின் கண் காயாமல் இருக்க வைத்தியர் மருந்து தடவினார். மயக்கத்தில் உடம்பு குளிர்ந்துவிடும் என்று அவர் சொன்னதைக் கேட்டு, நாயைக் கொண்டுவந்த பெண் தன் கம்பளியை எடுத்துவந்து நாயின் மேல் போட்டாள். மலையில் மழைக்குப் போர்த்திக்கொள்ளும் அதே கம்பளி. அதன் ஒரு பாதி என் மடியில் விழுந்து கிடந்தது. நாயின் தலை என் பக்கம். வயிறு, குறுக்கே கட்டிய பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம், வைத்தியரின் கத்திக்குக் கீழ்.

பத்து நிமிடம் எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு திரையில் எண் மறைந்து கோடு வந்தது. நாக்கு காய்ந்தால் அப்படி வரும், நனைத்துவிட்டு இடம் மாற்றி மாட்டுங்கள் என்று சொல்லித்தந்திருந்தார். நானோ ஆராய்ச்சியாளன். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க, கம்பளிக்கு அடியில் அதை என் சுட்டுவிரலில் மாட்டினேன். அழகாக எண் வந்தது. அதே நொடியில் துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“சேர், எத்தனை?”

“தொண்ணூற்றாறு. நாடி தொண்ணூற்றெட்டு.”

“நல்லது. அப்பிடியே வச்சிருங்கோ.”

அப்படியே வைத்திருந்தேன். நாக்கில் மறுபடி மாட்டி, மறுபடி கோடு வந்தால் என்ன மரியாதை? இத்தனை சனத்துக்கு முன்னால் ‘நல்லது’ வாங்கியிருக்கிறேன். அடுத்த முறை கேட்பதற்குள் மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை உடனே வந்தது.

“தொண்ணூற்றாறு. நூற்றுநான்கு.”

நாயைப் பார்த்திருக்கலாம். ஆனால் திரையில் ஓர் எண் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்தப் படித்தவன் நாயைப் பார்ப்பான்? மூன்றாம் தடவை நூற்றுப்பதினெட்டு என்றேன். பொய் சொல்லும் பயத்தில் என் நெஞ்சு அடித்துக்கொள்ள, அதையும் கடமை தவறாமல் அறிவித்துக்கொண்டிருந்தேன்.

“கூடிக்கொண்டு போகுது” என்றார் வைத்தியர். “மயக்கம் தெளியுதுபோல. நோகப்போகுது.” உதவியாளரிடம் சொல்லி, நாயின் காலில் இருந்த ஊசிக்குழாய் வழியாக இன்னும் கொஞ்சம் கெட்டமின் போடவைத்தார். என் நாடி ஏறியதற்கு நாய்க்கு மருந்து.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

“சேர்” என்றாள் அந்தப் பெண், கதிரைக்குப் பின்னால் வந்து நின்று. கதிரையில் இருப்பவனிடம் பேசுவதால் மெதுவாகத்தான் சொன்னாள். “அது நாக்கு கத்திரிக்கா நெறத்துல இருக்குங்க.”

“மெஷின் சரியாத்தான் காட்டுது” என்றேன்.

என்னை விட்டுவிட்டு அவள் துணிக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினாள். “டொக்டரம்மா! மூச்சு வுடலீங்க!”

பச்சைத் துணி விலகியது. வைத்தியர் நாயின் கழுத்தை நேராக்கி, நாக்கை இழுத்துப்போட்டு, எச்சிலைத் துடைத்து, மூக்கில் பலூன் பொருத்திய முகமூடியை அமத்தினார். உதவியாளர் சின்ன ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்து பலூனைப் பிசைந்தார். அந்தப் பெண் நாயின் காதோடு குனிந்து, “வா புள்ள, மலைக்குப் போவோம், வா” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எண்ணத் தெரியும் என்று சொன்னவன் எண்ணவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் திரை மட்டும் மிகுந்த நிம்மதியோடு தொண்ணூற்றாறு காட்டிக்கொண்டிருந்தது.

அதை வைத்தியரும் பார்த்தார். வயரைப் பிடித்து இழுத்தார். கம்பளிக்குள்ளிருந்து என் கை வெளியே வந்தது.

“இது ஆரின்ர விரல்?”

கிளிப்பைக் கழற்றி நீட்டினேன். நான்கு அலுமாரிப் புத்தகத்தைப் புரட்டிய விரல்.

நாயின் நெஞ்சு ஒருமுறை தூக்கிப்போட்டது. பிறகு இன்னொன்று. நாக்கு கத்திரிக்காயிலிருந்து மெல்ல மெல்ல வெளுத்து, பிறகு சிவந்தது. மிச்சத் தையலை வைத்தியர் போட்டு முடிக்கும்வரை, என் கதிரையில் இருந்து நாயின் நெஞ்சில் கை வைத்து மூச்சை எண்ணியவள் அந்தப் பெண்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை. மீதி நாய்களுக்கும் அவளே எண்ணினாள். நான் சுவரோரம் நின்றேன்.

பக்கத்தில் நின்ற பெண்களிடம், என் விரலில் வயர் இருந்ததை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பார்த்தார்களாம். “சேருக்கும் பாக்குறாங்க போலன்னு நெனச்சோங்க. நாங்க எப்புடிச் சொல்றது?”

ஸைலஸீனை முறிக்கும் ஊசி போட்டபின் நாய் தலையைத் தூக்கியது. கண்ணால் அவளைத் தேடி, வாலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டியது. அவள் அதைக் கம்பளியோடு வாரி எடுத்துக்கொண்டாள். நான் வைத்தியரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நல்ல வசனமாகத் தயார் செய்துவைத்திருந்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

“சேர், நூற்றுப்பதினெட்டு நாய்க்கு நோர்மல். சும்மா இருக்கிற மனிசருக்கு இல்லை. நாளைக்கே போய் நெஞ்சை ஒருக்காக் காட்டுங்கோ.”

நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் தாண்டப்போன அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப நாய்க் கணக்குல சேரு நல்லாத்தாங்க இருக்காரு.”