சுவரில்லாத கிணறுகளும் எஸ்தரும்

எஸ்தர் இறந்த செய்தி வந்தபோது நான் காந்திபுரத்தில் ஈரோடு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். போனில் அவருடைய தம்பி. டவுன் பஸ்களின் இரைச்சலில் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. “அக்கா காலையில எந்திரிக்கலைங்க.”

எங்கள் சுகாதார அமைப்பில் அவர் செவிலியர். நான் கணக்கெடுப்பு பார்த்தேன். பவானியைச் சுற்றிய ஊர்களில் வீடு வீடாகப் போய், அண்மையில் யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்று கேட்போம். எந்தச் சாவைத் தடுத்திருக்கலாம் என்று ஊருக்குச் சொல்வதற்காக. யாருக்கும் பிடிக்காத கேள்வி. ஆனாலும் எஸ்தர் கேட்டால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுப்பார்கள். அவருடன் போனவர்களுக்கு இது தெரியும்.

மஞ்சள் காட்டில் கூலிக்குப் போகும் சரசாளிடம் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்டோம். “காய்ச்சலுங்க” என்றார். பக்கத்தில் நின்றிருந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எழுதப் போனேன்; எஸ்தர் என் கையைப் பிடித்துவிட்டார்.

மறுவாரம் நோட்டு, பேனா இல்லாமல் வெறுங்கையோடு போனோம். மழையைப் பற்றிப் பேசினோம், மஞ்சள் விலையைப் பற்றிப் பேசினோம். பிறகு சரசாள் தானாகவே சொன்னார்.

“கெணத்துலதானுங்க போனாரு. மழைக்குள்ள வண்டியத் தள்ளிட்டு வந்தவருக்குத் தடம் எது, கெணறு எதுன்னு தெரியல. வேணும்னே உழுந்துட்டாருன்னு ஊரு பேசுமுங்க. புள்ளையக் கட்டிக்குடுக்கோணுமே.”

திரும்பும் வழியில் எஸ்தர் சொன்னார்: “காய்ச்சல்னு எழுதுனா அந்தக் கெணறு அப்படியேதான் கெடக்கும், அம்மணி.”

காய்ச்சல் என்றும் நெஞ்சுவலி என்றும் எழுதியிருந்த வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனோம். இன்னும் சில வீடுகளில் கிணறு வெளியே வந்தது. கிராம சபையில் எஸ்தர் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. எந்தத் தடத்தோரக் கிணறுகளில் உயிர் போயிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அதில் ஒரு கிணற்றுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் எழுந்தார். “குடிச்சுப்போட்டு வந்து உழுந்தா கெணறு என்னங்க பண்ணும்?”

“ரோட்டுல உழுந்தவரு எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாருங்க. உங்க கெணத்துல உழுந்தவரு?” என்றார் எஸ்தர்.

அப்போது பின்வரிசையிலிருந்து சரசாள் எழுந்து நின்றார். “எங்கூட்டுக்காரரு குடிக்க மாட்டாருங்க” என்றார். அவ்வளவுதான். எதை மறைக்க அத்தனை பாடுபட்டாரோ அந்தக் கிணற்றுச் சாவை ஊர் முன்னால் ஒப்புக்கொண்டு உட்கார்ந்தார். தடத்தோரக் கிணறுகளுக்குச் சுவர் கட்ட வேண்டும் என்று சபை அன்றே தீர்மானம் போட்டது.

சுவர்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. ஒரு கிணற்றின் சுவர் மட்டும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைத் தகராறில் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. மாட்டுக்குப் புல்லறுக்கப் போன ஒரு பெண் அதில் தவறி விழுந்து இறந்தார்.

அந்த வீட்டிலும் அதே கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. “நான் கேக்கறேன்” என்று எஸ்தர் மட்டும் உள்ளே போனார். வெளியே வந்தவர் செருப்பை மாட்டாமலே தெருவில் நடந்தார். “நமக்குத் தெரிஞ்ச கெணறு, அம்மணி” என்றார்.

அந்தக் கிணற்றுக்கும் சுவர் வந்தது. ஆனாலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, பேச்சு வேறெங்கோ இருக்கும்போது, “அதைக் கட்டிட்டாங்கல்ல?” என்று கேட்பார். கட்டிவிட்டார்கள் என்பேன். நம் மேல் தப்பில்லை என்றும் பலமுறை சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரமும் அதையே கேட்பார்.

அடக்கத்துக்குச் சரசாள் மகளோடும் மருமகனோடும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எஸ்தர் எனக்கு விட்டுப்போனது ஆறுதல் அல்ல, ஒரு பயம். அது என்னிடமே இருக்கட்டும். அடக்கம் முடிந்து திரும்பும்போது, பஸ் ஜன்னலுக்கு வெளியே, தடத்தை ஒட்டி, சுவரில்லாமல், கொடி படர்ந்த விளிம்போடு ஒரு கிணறு தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்தேன். பக்கத்து மஞ்சள் காட்டில் நின்றிருந்தவரிடம், “ஏனுங்க, இந்தக் கெணறு யாருதுங்க?” என்று கேட்டேன்.