சின்னியின் சம்மதம்

நான்காம் வகுப்பு படித்த வருஷத்தில் ஒரு பெரிய காரியத்தைத் தனியாளாக முடித்துக் காட்டினேன். ஒரு கிழட்டுப் பூனையையும் ஒரு குட்டிப் பூனையையும் ஒரே தட்டில் சாப்பிட வைத்தேன். இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். அப்போது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. காரியம் அவ்வளவு சிக்கலாக இருந்தது.

எங்கள் வீடு பாலக்கோட்டுக்குப் பக்கத்தில், தார்ச்சாலை முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது. நீளமான ஓட்டு வீடு. முன்பு அது ஒரே வீடு. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் போர்வெல் தண்ணீரை யார் எப்போது பாய்ச்சுவது என்பதில் வார்த்தை தடித்தது. அதற்குப் பிறகு நடுக்கூடத்துக் கதவைச் சாத்திவிட்டு, இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் என்று ஆகிவிட்டது. அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் உண்டு. இரண்டுமே போடப்பட்டிருந்தன.

அம்மாவும் பெரியம்மாவும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரியம்மா வாசல் தெளிக்கும் நேரத்தில் அம்மா வெளியே தலைகாட்ட மாட்டாள். அம்மா துணி காயப்போடும்போது பெரியம்மா பின்பக்கம் வர மாட்டாள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதுகூட இல்லை. திட்டினால் அதுவும் பேச்சு ஆகிவிடுமே.

எனக்கு மட்டும் தடை எதுவும் கிடையாது. பெரியம்மாவின் மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டதால் அந்தப் பக்கத்து டிவி எனக்கே சொந்தம் மாதிரி. வாசல் வழியாகச் சுற்றிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். எங்கே போனாய் என்று அம்மா கேட்டதில்லை. அங்கே என்ன குழம்பு என்று மட்டும் கேட்பாள்.

மாடு, பித்தளை அண்டா, மோட்டார் கொட்டகைச் சாவி என்று எல்லாவற்றையும் பிரித்தவர்கள் சின்னியைப் பிரிக்க மறந்துவிட்டார்கள். சின்னி எங்கள் பூனை. குட்டியாக இருந்தபோது வைத்த பெயர். பிறகு அது ஒரு சின்ன மூட்டை அளவுக்கு வளர்ந்துவிட்டது, பெயரை யாரும் மாற்றவில்லை. நடுக்கதவின் அடி மூலையைக் கரையான் அரித்து ஒரு பொந்து விழுந்திருந்தது. அதன் வழியாக சின்னி காலையில் அங்கே சாப்பிட்டுவிட்டு, மதியம் இங்கே சாப்பிட்டுவிட்டு, நடுவில் இரண்டு வீட்டிலும் தூங்கும். அந்தப் பொந்தை அடைத்துவிடலாம் என்று அப்பா சொன்னபோதெல்லாம், எலித் தொல்லை வந்துவிடும் என்று அம்மா மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சின்னி நெற்றியில் குங்குமத்தோடு வரும். அம்மா அதை மடியில் போட்டுக்கொண்டு, "பூனைக்கெல்லாம் பொட்டு வெச்சு அனுப்புறாங்க பாரு" என்பாள். கேலி மாதிரிதான் இருக்கும். ஆனால் குங்குமம் கலையாமல் பார்த்துத்தான் தடவிக்கொடுப்பாள்.

இந்த ஏற்பாட்டில்தான் நான் செவலையைக் கொண்டுவந்து விட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தக்காளி மண்டிக்குப் போயிருந்தேன். அடுக்கி வைத்த காலி பிளாஸ்டிக் கிரேடுகளுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம். எட்டிப் பார்த்தால் செந்நிறத்தில் ஒரு பூனைக்குட்டி, மேலெல்லாம் நசுங்கிய தக்காளி. தாயைக் கொஞ்ச நாளாகவே காணவில்லை என்று கிரேடு தூக்குகிறவர் சொன்னார். அதற்கு மேல் நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு காலிக் கிரேடில் கோணிச்சாக்கை விரித்து அதைத் தூக்கி வைத்துக்கொண்டேன், நிறத்தைப் பார்த்துச் செவலை என்று பெயரும் வைத்தேன். அப்பா பார்த்துவிட்டு, "உங்கம்மாகிட்ட நீயே பேசிக்க" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினார்.

அம்மாவிடம் பேசுவது சுலபமாகத்தான் இருந்தது. சின்னியிடம்தான் ஆகவில்லை. விருந்தாளியை அறிமுகப்படுத்துவது போல செவலையைக் கொண்டுபோய் சின்னியின் மூக்குக்கு நேரே வைத்தேன். சின்னியின் உடம்பு இரண்டு மடங்காகப் பெருத்தது. பிரஷர் குக்கர் போல ஒரு சீறல். அடுத்த நொடி குட்டியின் மூக்கில் ரத்தக் கோடு. குட்டி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டது. சின்னி எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பொந்து வழியாக அந்தப் பக்கம் போனது. போனது போனதுதான்.

மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அம்மா பொந்துக்குப் பக்கத்தில் கருவாட்டுத் தலையை வைத்துப் பார்த்தாள். எறும்புதான் வந்தது. வெள்ளிக்கிழமையும் வந்து போயிற்று. அன்று சாயங்காலம் அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"பாப்பா, இந்த ஞாயித்துக்கெழம அப்பாகூடப் போயி குட்டிய மண்டியிலயே வுட்டுட்டு வந்துடு."

"அங்க வுட்டா லாரியில மாட்டிக்கும்மா."

"எனக்கு சின்னி வரணும்."

அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஒரு பூனைக்காக இப்படியா என்று எனக்கு ஆச்சரியம். எலி விஷயத்தில் அம்மா இவ்வளவு பயந்தவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் அழவில்லை. யோசித்தேன். சந்தையில் புது மாடு வாங்கி வந்தால் வந்த அன்றே பழைய மாடுகளோடு சேர்த்துக் கட்ட மாட்டார்கள். தள்ளிக் கட்டுவார்கள். ஒன்றின் வாடை மற்றதற்குப் பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவார்கள். மாட்டுக்கு ஆகிறது பூனைக்கு ஏன் ஆகாது? செவலையின் மேல் மண்டி வாடை அடிக்கிறது. அதன் மேல் சின்னியின் வாடை ஏற வேண்டும். சின்னி படுக்கிற துணி எங்கே இருக்கிறது? பெரியம்மாவிடம். உடனே கிளம்பிவிட்டேன்.

பெரியம்மா துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். சின்னி அவள் பக்கத்தில் பழைய புடவை ஒன்றின் மேல் படுத்துக்கொண்டு என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் விஷயத்தைச் சொல்லி அந்தப் புடவையில் பாதி வேண்டும் என்றேன்.

"உங்கம்மா கேட்டாளா?"

"இல்லீங்க பெரிம்மா, நான்தான் கேக்குறேன்."

பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு சின்னியை நகர்த்தினாள். பிறகு புடவையைச் சர்ரென்று கிழித்துக் கொடுத்தாள். நான் வாசற்படி தாண்டும்போது, "குட்டிக்கு மாட்டுப்பால அப்படியே குடுக்காதீங்க, பேதி புடுங்கிக்கும். தண்ணி கலந்து குடுக்கணும்" என்றாள். நான் தனியாகத்தான் நின்றேன். ஆனாலும் "குடுக்காதீங்க" என்று ஏன் பலரிடம் சொல்வது போல் சொன்னாள் என்று நான் யோசிக்கவில்லை. போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பாலில் தண்ணீரை ஊற்றினாள்.

செவலை அந்தப் புடவையில் சுருண்டு தூங்கியது. அதன் கோணிச்சாக்கில் ஒரு துண்டை வெட்டி, பதிலுக்கு பெரியம்மா வீட்டில் சின்னி படுக்கும் இடத்தில் போட்டுவிட்டு வந்தேன். முதல் நாள் சின்னி அதைக் காலால் தள்ளிவிட்டதாம். மறுநாள் முகர்ந்து பார்த்ததாம். அதற்கடுத்து அதன் ஓரத்தில் தலையை வைத்துப் படுத்ததாம். இந்தச் செய்தியெல்லாம் நான் போய்க் கேட்டு வந்து சொன்னவை. அம்மா அரிசி களைந்துகொண்டே, "அப்புறம்?" என்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. குட்டியை மண்டிக்கு எடுத்துப் போவது பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அடுத்த கட்டம் சாப்பாடு. மண்டியிலிருந்து கொண்டுவந்த கிரேடைக் கதவுப் பொந்துக்கு முன்னால் நிறுத்தினேன். கிரேடில் இடைவெளி இருப்பதால் பூனைகள் ஒன்றை ஒன்று பார்க்கலாம், அடிக்க முடியாது. இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் வைக்க வேண்டும். ஒரு பூனை முந்திச் சாப்பிட்டுவிட்டால் அது சும்மா உட்கார்ந்து சீற ஆரம்பித்துவிடும். நான் இங்கே தட்டை வைத்துவிட்டு, தெருவைச் சுற்றி ஓடி, அங்கே வைக்கச் சொல்லி, மறுபடி ஓடி வருவதற்குள் செவலை தட்டை நக்கி முடித்திருக்கும். இப்படி நான் மூச்சு வாங்க ஓடுவதைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. கதவைப் பார்த்தபடி, சத்தமாக என்னிடம் சொன்னாள்:

"வெச்சாச்சான்னு கேளு பாப்பா."

நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது:

"வெச்சாச்சுன்னு சொல்லு சாமி."

இது எனக்கு மிகவும் வசதியாகப் போயிற்று. ஓடவேண்டிய வேலை இல்லை. நடுவில் நின்றால் போதும்.

"கருவாடு போட்டா சின்னி சீக்கிரம் தின்னுடும், வெறும் சோறு வெக்கச் சொல்லு."

"வெறும் சோறு தொட மாட்டேங்குதுன்னு சொல்லு. கொஞ்சம் தயிர் ஊத்திருக்குதுன்னு சொல்லு."

"தயிர் ஊத்துனா சளி புடிக்காதான்னு கேளு."

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் நான் இல்லாமலேயே மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. எனக்குக் கோபம். ஏற்பாடு என்னுடையது, என்னைக் கேட்காமல் எப்படி வைக்கலாம் என்று சண்டை போட்டேன். பூனைக்குப் பசிக்குமே என்றாள் அம்மா. அப்புறம் தினமும் அப்படித்தான் நடந்தது. காலையில் நான் மேற்பார்வை, மதியம் அவர்களே. தட்டுகளும் நாளாக நாளாகக் கதவை ஒட்டி நகர்ந்தன. சின்னியின் சீறல் குறைந்து, முணுமுணுப்பாகி, அதுவும் நின்றது. நான் பெருமையோடு வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏதோ கூட்டம் என்று ஒருநாள் பள்ளியை அரைநாளோடு விட்டுவிட்டார்கள். பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன். மாட்டுக்கொட்டாயில் வைக்கோல் மேல் சின்னி நீட்டிப் படுத்திருக்கிறது. அதன் வயிற்றில் தலையைச் செருகிக்கொண்டு செவலை. சின்னி தூக்கக் கலக்கத்தில் குட்டியின் காதை நக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. இன்றைக்கு நேற்றுப் பழகியது போல் தெரியவில்லை.

நான் உள்ளே பாய்ந்து ஓடினேன். அம்மா நடுக்கதவில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கிரேடு ஒரு ஓரமாகக் கிடந்தது. பூனைத் தட்டு சுத்தமாகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் பெரியம்மாவின் குரல் தாழ்வாகக் கேட்டுக்கொண்டிருந்தது. ஓசூரில் இருக்கும் அக்காவுக்கு நாள் தள்ளிப்போய் அப்புறம் தங்காமல் போனதைப் பற்றி ஏதோ. அம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூண்டு உரித்தால் கண் எரியுமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எனக்கு அதைவிட முக்கியமான செய்தி இருந்தது.

"அம்மா! பெரிம்மா! பூனைங்க ரெண்டும் கொட்டாயில கட்டிப் புடிச்சித் தூங்குதுங்க! எல்லாம் பழகிடுச்சு. இனிமே கதவுகிட்டத் தட்டு வெக்க வேணாம்!"

அம்மா என்னைப் பார்க்காமல் பூண்டுத் தோலை ஒன்றுகூட்டினாள்.

"பகல்ல அப்படித்தான் இருக்கும்" என்றாள். "சோறுன்னு வந்தா அடிச்சிக்கும்."

"ஆமாஞ் சாமி" என்றாள் பெரியம்மா கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்படியே வெக்கலாம். அவசரப்பட்டா காரியம் கெட்டுரும்."

"அக்கா சொல்றதுதான் சரி" என்றாள் அம்மா.

நான் எவ்வளவோ வாதாடினேன். வந்து பாருங்கள் என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறமும் பல நாள் மதியத் தட்டு நடந்தது. பிறகு ஒரு சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்தபோது நடுக்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. எந்தப் பக்கத் தாழ்ப்பாளை யார் முதலில் எடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா எங்கள் அடுப்பங்கரையில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சின்னியும் செவலையும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. இருட்டும் நேரத்தில் அப்பா வந்தார். திறந்த கதவைப் பார்த்தார். அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியப்பாவையும் பார்த்தார். கைகால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். "காத்து நல்லா வருது" என்றார். அவ்வளவுதான். தண்ணீர்த் தகராறு தீர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஆனால் கதவு அப்புறம் சாத்தப்படவில்லை.

எல்லோரும் என்னைத்தான் பாராட்டினார்கள். புத்திசாலிப் பெண் என்று பெரியம்மா கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அதை நான் தயங்காமல் வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. இத்தனை வருஷம் பூனை வளர்த்த இரண்டு பெரிய மனுஷிகள், இரண்டு பூனைகள் எப்போதோ சிநேகமாகிவிட்டதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாமல், ஒரு மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் அத்தனை மதியங்கள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்களே என்று நினைத்து அவர்கள்மேல் பரிதாபப்பட்டேன். பெரியவளானாலும் இவர்களைப் போல மந்தமாகிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.